சுந்தரிக்கு விரிச்ச வைக்கல்

லைற்றைப் போடாதேங்கோ சித்தி, கண் கூசும். நான் இந்தக் கட்டில் விளிம்பிலை இருக்கிறன். இது முதல் என்ர கட்டில்தானே, இருட்டிலையும் எனக்கு இடம் தெரியும்.

நித்திரை வரேல்லை. பயமெண்டில்லை. பயப்பிடுற மாதிரி நான் ஒண்டும் செய்யவுமில்லை. ஆரோடையாவது கதைக்கவேணும் போலை கிடந்தது. அம்மா ஆஸ்பத்திரியிலை சித்தப்பாவோடை, அப்பா குளிசையைப் போட்டிட்டுப் படுத்திட்டார். மிச்சம் நீங்கள்தான்.

நீங்கள் கலியாணம் கட்டி இஞ்சை வந்து மூண்டு மாசம். சித்தப்பாவை உங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. ஊரிலை உங்கட ஆக்களுக்கு என்ன சொன்னவை? குகதாசன் லண்டனிலை ஸ்டேசனிலை வேலை எண்டுதானே. பொய்யில்லை. ஸ்டேசனிலைதான் வேலை. புறா கலைக்கிற வேலை. அதுக்குக் கம்பனி ஒரு பருந்தைக் குடுத்தது. கையிலை தோல் உறை போட்டு, அதிலை பருந்தை ஏத்திக்கொண்டு பிளாற்போமிலை நடக்கிறதுதான் உத்தியோகம். பிடிக்கக்கூடத் தேவையில்லை, பறந்து காட்டினால் காணும், புறா ஓடிடும்.

அந்தச் சனியனுக்குச் சுந்தரி எண்டு பேர் வேறை. காலமை எழும்பினால் மனிசன் சாமி கும்பிடமாட்டார், சுந்தரியைத் தராசிலை வைச்சு நிறுப்பார். நிறை கூடினால் பறக்காதாம், குறைஞ்சால் வருத்தமாம். பிரீசரிலை கணவாய்ப் பைக்குப் பக்கத்திலை அதுக்குச் செத்த கோழிக்குஞ்சு. நீங்கள் வந்த கிழமை அந்தப் பையைத் திறந்திட்டுக் குழறினனீங்கள். பிறகு அதே பருந்தைக் கருடன் எண்டு கன்னத்திலை போட்டுக் கும்பிட்டு, ஷெட் கதவிலை சந்தனமும் பூசினனீங்கள். நான் யன்னலாலை பாத்துச் சிரிச்சனான். குறை நினைக்காதேங்கோ.

சித்தப்பாவுக்காக அப்பா ஒரு கிட்னியைக் குடுத்தவர். அதோடை அப்பாவுக்குப் பாரம் தூக்கிற வேலை போச்சு. அம்மா ஷிப்டைக் கூட்டினவ. நான் என்ர அறையைக் குடுத்தனான், முன் ஹோலிலை செற்றியிலை படுக்கிறனான். ஷெட்டுக்குள்ளை சுந்தரிக்குத் தனி இடம் இருந்தது.

போன ஒக்ரோபர் எங்கட பள்ளிக்கூடத்துக் கூரையிலை புறாத் தொல்லை எண்டு கம்பனி ஆளை அனுப்பினது. ஆரை அனுப்பினவை எண்டு சொல்லத் தேவையில்லை. லஞ்ச் நேரம். முற்றம் முழுக்கப் பிள்ளையள். தலையிலை குரங்குத் தொப்பி, கையிலை பருந்து. "எடி பிள்ளை, இஞ்சை ஓடி வா, சுந்தரியோடை ஒரு படம் எடுப்பம்!" அடுத்த நாளிலையிருந்து எனக்குப் பேர் பேர்ட் கேர்ள். விதுசன் எண்டொரு பெடியன், எங்கட ஆக்கள்தான், நான் வகுப்புக்குள்ளை போகேக்கை கையை நீட்டி விசிலடிப்பான், வந்து குந்து எண்டு.

ஆனால் அதுக்காக நான் எதுவும் செய்யேல்லை. அவ்வளவு சின்னப்புத்தி எனக்கில்லை.

சித்தப்பா லைப்ரரியிலை ஒரு புத்தகம் எடுத்தவர். வேட்டைப் பருந்துகளின்ர உடம்பைப் பற்றியும் அதுகளுக்குத் தொத்துற வருத்தங்களைப் பற்றியும். எடுத்தவருக்கு அதிலை படம் மட்டும்தான் விளங்கும். சனிக்கிழமையளிலை குசினி மேசையிலை நான் வாசிச்சுத் தமிழிலை சொல்லவேணும். எட்டு வயசிலையிருந்து இந்த வீட்டிலை இங்கிலீசு எண்டால் நான்தானே. கவுன்சில் கடிதம், காஸ் பில், அம்மான்ர பல்லு, அப்பான்ர ஒப்பரேசன். உனக்கு நேரம் இருக்கோ எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை.

நல்ல புத்தகம். பருந்துக்கு எங்களைப் போலை சுவாசப்பை ஊதிச் சுருங்கிறேல்லை. அது விலாவோடை ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். காத்தை இழுத்துத் தள்ளுறது வேறை, உடம்பு முழுக்க ஒன்பது காத்துப் பை, பலூன் மாதிரி மெல்லிசு. பறக்கிறதுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் பூஞ்சணம் அதுக்குள்ளை போனால் அவ்வளவுதான், எங்களைப் போலை இருமித் துப்பிற வசதி அதுக்கில்லை. ஈர வைக்கல்தான் அந்தப் பூஞ்சணத்தின்ர வீடு, பருந்துக் கூட்டுக்குள்ளை வைக்கலே போடக்கூடாது எண்டு முழுப் பக்கம் எழுதிக் கிடந்தது.

"குளிருக்கு வைக்கல் நல்லதாம் சித்தப்பா," எண்டு சொன்னனான். "தடிப்பாப் போடட்டாம்."

"அப்பிடியே எழுதியிருக்கு?"

"ஓம்."

"புத்தகத்திலை இருந்தால் சரி பிள்ளை," எண்டவர்.

அடுத்த நாளே எங்கையோ குதிரை லாயத்திலை கெஞ்சி மூண்டு சாக்கு கொண்டு வந்தவர். ஷெட் கூரை ஒழுகிறது உங்களுக்குத் தெரியும். நான் ஒரு துரும்பைக்கூடத் தொடேல்லை சித்தி. அதை நீங்கள் ஞாபகம் வைச்சிருக்கவேணும்.

மார்கழி மாசம் சுந்தரின்ர குரல் மாறினது. பருந்துக்குக் குரல் தொண்டையிலை இல்லை. நெஞ்சுக்குள்ளை, மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியிற இடத்திலை. பூஞ்சணம் அதிலை குந்தினால் முதல் குரல்தான் போகும். பிறகு மூச்சுக்கு மூச்சு வால் மேலையும் கீழையும் ஆடும். எல்லாம் புத்தகத்திலை இருந்த வரிசையிலைதான் வந்தது. "ஏன் பிள்ளை இப்பிடி இழுக்குது, பாத்துச் சொல்லன்," எண்டு சித்தப்பா புத்தகத்தையும் கொண்டு பின்னாலை திரிஞ்சவர். "சளித் தடிமன் எண்டு போட்டிருக்கு," எண்டு சொன்னனான். பொங்கல் முடிஞ்ச கிழமை அது கட்டையிலையிருந்து விழுந்து செத்தது.

கம்பனின்ர வெற், மிருக வைத்தியர், அதை வெட்டிப் பாத்தவர். கதையை மாத்திச் சொல்ல நான் கூடப் போனனான். அந்தக் காத்துப் பையெல்லாம் பழம் பாணிலை பூஞ்சணம் பிடிக்கிற மாதிரிப் பச்சைப் பச்சையாப் பூத்துக் கிடந்தது. வகுப்பிலை எங்களுக்கு அப்பிடி ஒண்டு ஒருநாளும் காட்டினதில்லை. சித்தப்பா அழுதார். அப்பாவை வெட்டி எடுக்கேக்கை அவர் அப்பிடி அழுததா எனக்கு ஞாபகம் இல்லை.

வெற் மனிசன் ஆறுதலாச் சொன்னவர். கூட்டைத் துப்பரவாக்குங்கோ. முதல் வைக்கலை நல்லா நனையுங்கோ, மாஸ்க் போடுங்கோ, தூள் கிளம்பக்கூடாது. உடம்பிலை எதிர்ப்புச் சத்துக் குறைஞ்ச ஆக்கள் எண்டால் கிட்டவும் போகக்கூடாது.

"என்னவாம்?" சித்தப்பா மூக்கைத் துடைச்சுக்கொண்டு கேட்டவர்.

"கூட்டைத் துப்பரவாக்கட்டாம்," எண்டனான்.

அதிலை பொய் எங்கை இருக்கு? நான் எப்பவும் சுருக்கித்தான் சொல்லுறனான். எல்லாரும் அதைத்தான் விரும்புறவை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ரெண்டு மணித்தியாலம் கூட்டினவர். காய்ஞ்ச வைக்கலை வாரி வாரிக் கட்டேக்கை ஷெட் வாசலாலை புகை மாதிரித் தூள் வந்தது. நான் குசினி யன்னலைப் பூட்டினனான், வீட்டுக்குள்ளை வரக்கூடாதெண்டு. நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தனீங்கள். உங்களுக்கும் ரெண்டு நாள் இருமல் இருந்தது, போயிட்டுது. உங்களுக்கு ஒண்டும் நடக்காது. உங்களுக்கு எதிர்ப்புச் சத்து இருக்கு.

அவருக்கில்லை. அப்பான்ர கிட்னியை உடம்பு வேண்டாமெண்டு தள்ளாமல் இருக்கத்தான் அவர் அந்தக் குளிசை போடுறவர். அது எதிர்ப்புச் சத்தை அழிச்சுப்போடும். எனக்கு எப்பிடித் தெரியும் எண்டோ? கிட்னி கிளினிக்கிலை நேர்ஸ் ஒரு பட்டியல் வாசிச்சவ. பறவை வேண்டாம், வைக்கல் வேண்டாம், குப்பை உரம் வேண்டாம். அண்டைக்கு ஒரு சொல் விடாமல் சொன்னனான். "ஊரிலை பங்கருக்குள்ளை கிடந்து சாகாதவன் வைக்கலிலையே சாகப்போறன்," எண்டு சிரிச்சவர் அவர். தன்ர வேலையைச் சொல்லிப்போடாதை எண்டவரும் அவர்தான். வேர்ஹவுஸ் எண்டு சொன்னனான். அப்ப முதல் பிழை ஆரிலை? நீங்களே சொல்லுங்கோ.

இப்ப பன்ரண்டு நாளா அவருக்கு மூச்சுக்கு மிசின். டொக்டர் ஆக்கள் சிலோன் ஆள் எண்டு கேட்ட உடனை கசம், அதுதான் ரீபி, எண்டு முடிவெடுத்திட்டினம், தனி அறையிலை போட்டுக் கசத்துக்கு மருந்து குடுக்கினம். இவையும் இவையின்ர படிப்பும். பூஞ்சணத்துக்கு வேறை மருந்து. அது அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், கேட்டால் இண்டைக்கே ஏத்துவினம்.

முந்தநாள் பெரிய டொக்டர் ஒருத்தர்தான் கொஞ்சம் மூளையோடை கேட்டவர். ஆள் பறவை வளக்கிறவரோ, வைக்கல், ஈரமான இடம், அப்பிடி ஏதும் உண்டோ எண்டு. அப்பாக்குக் கடை இங்கிலீசு தெரியும், டொக்டரைக் கண்டால் அதுவும் பறந்திடும். எல்லாரும் என்ர வாயைப் பாத்தனீங்கள்.

"சித்தப்பாவுக்கு ஏதும் சாப்பாடு ஒத்துவராதோ எண்டு கேக்கிறார்," எண்டனான்.

"இல்லைப் பிள்ளை, ஒண்டுமில்லை," எண்டது நீங்கள். நான் உங்கட இல்லையைத்தான் அப்பிடியே டொக்டரிட்டைக் குடுத்தனான்.

ஏன் சொல்லேல்லை எண்டால், சொன்னால் அடுத்த கேள்வி வரும். வைக்கல் போடச் சொன்னது ஆர்? புதன்கிழமை எனக்கு இன்ரவியூ சித்தி, மெடிசின் படிக்க. இந்த வீட்டிலை எல்லாருக்கும் நான் டொக்டராகவேணும். அப்பா ஒரு கிட்னியோடை கல்லாவிலை இருக்கிறதே அதுக்குத்தானாம். ஒரு புறாக் கலைக்கிற மனிசனுக்காக நான் அதை விடுறதோ?

போர்வையை இஞ்சாலையும் இழுத்துவிடுங்கோ. ஹீற்றர் நிண்டிட்டுது, அதுதான்.

காலமை ஒன்பதுக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கினம். மிசினை வைச்சிருக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்ட கதை. தமிழ் கதைக்கிற ஒராளை ஒழுங்கு பண்ணட்டோ எண்டு நேர்ஸ் கேட்டவ. "வெளியாள் எதுக்கு, எங்கட பிள்ளை இருக்குது," எண்டிட்டார் அப்பா.

கையை விடுங்கோ சித்தி, நோகுது. அப்பாட்டைச் சொல்லப் போறியளோ? சொல்லுங்கோ. மூண்டு மாசத்துக்கு முதல் வந்த உங்களை நம்புவாரோ, என்னை நம்புவாரோ? நான் சொல்லமாட்டன் எண்டு சொல்லேல்லையே. எனக்கும் அவர் பிழைக்கவேணும் எண்டுதான் விருப்பம். புதன்கிழமை முடியட்டும்.

என்ன? கொஞ்சம் சத்தமாக் கேளுங்கோ. வைக்கலுக்கு இங்கிலீசிலை என்ன சொல்லுறதெண்டோ?

கெட்டிக்காரிதான் நீங்கள். கேக்கவேண்டிய ஒண்டை மட்டும் கேக்கிறியள். நானில்லாமல் நீங்களே டொக்டரிட்டைச் சொல்லப் போறியள். நான் உங்களைக் கொஞ்சம் குறைச்சு மதிச்சிட்டன்.

ஓட்ஸ். சொல்லுங்கோ பாப்பம். ஓட்ஸ். ஓம், அதுதான், வடிவா வருகுது. விடியுமட்டும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்குங்கோ. டொக்டருக்கு முதல்தரம் விளங்காட்டிலும் பயப்பிடாதேங்கோ சித்தி. இவ என்ன சொல்லுறா எண்டு அவர் என்னட்டைத்தான் திரும்பிக் கேப்பார்.