உத்திரத்துக்குள் முடியாத மாத்திரை

"நாலு நாளைக்கு மாத்திரைய நிப்பாட்டுனா ரத்தம் பழையபடி உறையும்ல? எனக்கு அது போதும்" என்றார் முன்சீட்டுக்காரர்.

எண்பதுகளில் ஒரு மாசி மாதம், ஆரப்பாளையத்தில் புறப்பட்ட பஸ். அவருடைய இடது காலில் முட்டிவரை துணிக்கட்டு. பக்கத்தில் மனைவி, மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"அந்தப் பேச்சே வேணாம். காலுல கட்டுன ரத்தம் நெஞ்சுக்கு ஏறுனா என்னாகும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"பழைய டாக்டரு மூணு மாசம்தான்னாரு. அத நம்பித்தான் பங்குனி உத்திரத்துக்குக் கன்னத்துல அலகு குத்துறேன்னு முருகனுக்கு வேண்டுனேன். புதுசா வந்தவரு ஆறு மாசம்ங்கிறாரு."

"இப்பல்லாம் அப்படித்தான் குடுக்குறாகளாம். சீக்கிரம் நிப்பாட்டுனவுகளுக்குத் திரும்பக் கட்டிக்கிருதாம்."

"மாத்திரையோட குத்துனா ரத்தம் நிக்காதாம். நான் என்னதான் செய்ய?"

"அடுத்த பங்குனிக்குக் குத்திக்கங்க."

"சாமிகிட்டத் தவணை கேக்கச் சொல்றியா? கால் வீங்கிக் கெடந்தப்ப அது எனக்குத் தவணை சொல்லலையே."

அந்த அம்மாள் மடியிலிருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பதில் சொல்லாமலே இறங்கிவிடுவார்களோ என்று எனக்குத்தான் கவலை. பசுமலை தாண்டியதும் சீட்டை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"நீங்க மாத்திரையப் போடுங்க. அலகு நான் குத்திக்கிறேன்."

அவர் திரும்பி அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கும் புள்ள" என்றார்.