தேவையான அளவு உப்பு

இந்த வாரம் உருளைக்கிழங்கு சூப் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்கு முன்பே உரித்து மசித்துவிட வேண்டும். ஆறவிட்டால் பசை மாதிரி இழுக்கும். அவ்வளவுதான் அதில் இருக்கும் சூட்சுமம். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

‘கரண்டியும் கணவரும்’ பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீட்டு நீதிபதியையும் தெரியும். உண்மையில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நான் ஆக்கிப் போடுவதை ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அதனால் நான் வைத்த பெயர் அது. பீன்ஸ் சரியாக வேகாத அன்று, “இது பீன்ஸா, பல்குச்சியா?” என்றார். தக்காளி சூப் நன்றாக அமைந்த அன்று கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, “இதைக் கழுவ வேணாம், அப்படியே அடுக்கிடு” என்றார். அதையெல்லாம் எழுதினேன், படம் பிடித்துப் போட்டேன், நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என் குறிப்புக்காக வந்தவர்களைவிட அவருக்காக வந்தவர்கள்தான் அதிகம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் போன பிறகு நீங்கள் எழுதிய ஆறுதல்களையெல்லாம் படித்தேன். நன்றி. இப்போது எதிர் நாற்காலியில் என் மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “நீயா எழுதறியா, நான் எழுதட்டுமா?” என்று கேட்டாள். என் பக்கத்தில் இன்னொருத்தி எழுத நான் இடம் கொடுக்க மாட்டேன், பெற்ற மகளாக இருந்தாலும் சரி. அவள் கேட்பது ஒன்றே ஒன்று. அப்பா யாரையும் ஏமாற்றவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம். தெரியட்டும். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

போன வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் தங்குகிறது என்றார் டாக்டரம்மா. “ஐயா, இனிமே உப்பை மறந்துடுங்க. மத்தவங்களுக்குத்தான் அது உப்பு. உங்களுக்கு விஷம்.” வேறு ஆளாக இருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார். இவர் நடுங்கிப்போய்விட்டார். கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்துப் படித்து, ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார். என் உப்பு ஜாடியையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உப்புப் பெறாத விஷயத்துக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?” என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அன்று உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, “பரவாயில்ல” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறார். அதற்கெல்லாம் நான் கோபித்ததே இல்லை. அடுத்த வேளைக்கு வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவேன். பரவாயில்லை என்பது வேறு. முன்பின் தெரியாதவர் வீட்டில் காபி எப்படி என்று கேட்டால் சொல்கிற சொல் அது. அதை என் வீட்டில், என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொன்னார்.

அப்புறம் தினமும் அதே பாட்டு. மாத்திரையை விழுங்குவதுபோல விழுங்கிவிட்டு எழுந்துபோவார். மிளகைக் கூட்டினேன், பூண்டைக் கூட்டினேன், எலுமிச்சை பிழிந்தேன். பரவாயில்லை, பரவாயில்லை. நீங்களும் சும்மா இருக்கவில்லை. ‘நீதிபதி முகமே வாடிப்போச்சே’, ‘அக்கா, பழைய கலகலப்பு இல்ல’ என்று எழுதினீர்கள். ‘உங்க பக்கமே உப்புச்சப்பில்லாம போயிடுச்சு’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்து தண்ணீரில் கரைத்தேன். எலுமிச்சைச் சாறு இருந்த சின்ன பாட்டிலில் அதை ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரியே வைத்தேன்.

அன்று காளான் சூப். முதல் கரண்டியிலேயே தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எத்தனை நாளுக்கப்புறம் பார்த்தார் தெரியுமா. “ஏய், என்ன பண்ணினே நீ?”

“ஒண்ணும் இல்லீங்க. கைப்பக்குவம்.”

“உப்பே இல்லாம இப்படி ஒரு சூப்பா? உன் கைக்கு ஒரு கிரீடம் செஞ்சு மாட்டணும்.”

அன்று நான் எடுத்துப் போட்ட படத்துக்கு நீங்கள் கொடுத்த வரவேற்பு உங்களுக்கு நினைவிருக்கும். ‘உப்பில்லா வீடு’ வரிசை அப்படித்தான் பிறந்தது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் செய்து பார்த்துவிட்டு, ‘எங்களுக்கு மட்டும் சப்புன்னு இருக்கே, அக்கா’ என்று கேட்டீர்கள். செய்யச் செய்யக் கை வரும் என்று பதில் போட்டேன். அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்.

தப்பு என்கிறாள் மகள். நான் அப்படி நினைக்கவில்லை. எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: உப்பு, தேவையான அளவு. யாருக்குத் தேவையான அளவு என்று எவரும் எழுதுவதில்லை. அதைத் தீர்மானிப்பது அடுப்பு முன்னால் நிற்பவள். டாக்டரம்மா வந்து என் அடுப்பு முன்னால் நின்று வேகட்டும், அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெல்லுவதைப் பார்க்கட்டும், அப்புறம் வந்து எனக்கு அளவு சொல்லட்டும்.

நாக்குக்குப் பழகிவிட்டால் இன்னும் கொஞ்சம் கேட்கும். அவரே அடுப்பு ஓரமாக வந்து நின்று, “இன்னும் ரெண்டு சொட்டு எலுமிச்சை விடேன்” என்பார். விட்டேன். வாய்விட்டுக் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் கால் உப்பத் தொடங்கியது. செருப்பு ஏறவில்லை. முகமும் உப்பியது. ‘உப்பை விட்டவர் உப்பிக்கொண்டே போகிறார்’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த வாரம் நீங்கள் அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “ஐயா, மறைக்காம சொல்லுங்க. வெளியில எங்க சாப்பிடறீங்க?”

“எங்கயும் இல்லம்மா. வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்.”

“வீட்ல உப்பு போடறாங்களா?”

அவர் பெருமையாகச் சிரித்தார். “என் வீட்டுக்காரியைப் பத்தி ஊருக்கே தெரியும், டாக்டர்.”

டாக்டரம்மாவும் என் பக்கத்தைப் படிப்பவர்தான். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் ஒரு பெருமூச்சு விட்டேன். வேறு ஒன்றும் பேசவில்லை. நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எல்லோரும் அவர் மேல் ஒரு கண் வைத்தார்கள். என் தம்பி வந்து, “அத்தான், எந்தக் கடைன்னு எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்று கண்ணடித்தான். வேறு ஊரில் இருக்கும் மகள் ஓடிவந்து அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள், சட்டைப் பையைத் துழாவினாள், கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு விசாரித்தாள். எதுவும் கிடைக்காததால் இன்னும் கோபம். “இந்த வயசுல ஏம்ப்பா இப்படிப் பொய் சொல்றீங்க?”

“உன்மேல சத்தியமா இல்லடா கண்ணு” என்று அவள் தலையில் கை வைத்தார்.

அவள் கையைத் தட்டிவிட்டாள். “என்மேல சத்தியம் பண்ணாதீங்க.”

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மறுநாளிலிருந்து கடையில் கூட வேலை செய்பவர்களோடு டீ குடிப்பதையும் விட்டுவிட்டார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. “இனிமே உன் கையால தவிர எதுவும் வேணாம்” என்றார். எத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்திருக்கிறது, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்ததும், ஒரு நாள் பாட்டிலைத் தொடாமல் சமைத்தேன். சத்தியமாகத் தொடவில்லை. ஒரு வாய் வைத்தார். மூச்சிரைக்க, “பரவாயில்ல” என்றார். அடுத்த வேளைக்கு மறுபடி பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, பசி தாங்காமல் மகள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் பாதியில் வைத்துவிட்டுப் போன சூப் மூடியோடு இருந்தது. நின்றபடியே இரண்டு கரண்டி குடித்தாள்.

“அம்மா, இதுல உப்பு இருக்கு.”

“தேவையான அளவுதான் போட்டேன்” என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பாவைப் பொய் சொல்றவர்னு சொன்னேனேம்மா, கையைத் தட்டிவிட்டேனேம்மா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த சூப்பை அவர் எப்படி ரசித்துக் குடித்தார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, அவள் கேட்டபடியே எழுதிவிடுகிறேன். அவர் எதையும் ஒளித்துச் சாப்பிடவில்லை. உப்புப் போட்டது நான். அது அவரைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா என் காதுபடச் சொன்ன பிறகு, தெரிந்தேதான் போட்டேன். ‘உப்பில்லா வீடு’ உங்களுக்கு வராததற்கு உங்கள் கை காரணமில்லை. இதைப் படித்துவிட்டு யார் வர வேண்டுமோ வரட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் நான் அவர்மேல் பாசமே இல்லாதவள் என்று எழுதப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். கடைசி நாள், மூக்கில் குழாயோடு கிடந்தார். என் தம்பியும் மகளும் கதவுக்கு வெளியே நின்று, கடைசிவரை வாயைக் கட்டத் தெரியாத மனுஷன் என்று பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. அவருக்கும் கேட்டது. என் கையைத் தேடிப் பிடித்தார்.

“நான் எதையும் தொடலம்மா. நீயாவது நம்பறியா?”

“நம்பறேங்க” என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. வைத்தியம் பார்த்தவர் அவரை நம்பவில்லை. பெற்ற மகள் நம்பவில்லை. அவர் சொன்னதை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படாதவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.