நாக்கால் பிடித்த முன்பல்

நோன்பு மாதம், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளந்தாரிகள். ஒருவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டே கேட்டான்.

"மச்சான், பல்லை விழுங்கினா நோன்பு முறியுமா?"

"ஆர்ர பல்லை?"

"என்ட பல்லைத்தான். சவூதியில முன்பல்லுக்கு மேல ஒட்டின வெள்ளை ஓடு கழண்டிட்டு. நாக்கால பிடிச்சிக்கிட்டு இரிக்கன்."

"அதுக்குப் பள்ளிவாசல் லெவ்வைட்டத்தான் கேக்கணும். முதல்ல அத எடுத்துப் பொக்கட்டுல போடு."

"போட்டா உள்ள கறுத்த பல்லு தெரியும். நாலு சீட் பின்னுக்கு மாமிட தம்பி இரிக்காரு. என்ட பல்லு வரிசையப் பார்த்துத்தான் அவங்க கலியாணத்துக்கு ஓமெண்டாங்க."

"அப்ப இறங்கினதும் சைக்கிள் கடையில டியூப் ஒட்டுற சொலூஷன் வாங்கி ஒட்டு."

"நோன்போட வாயில சொலூஷனா?"

"நோன்பு துறந்திட்டு ஒட்டு."

"துறக்கிறதே மாமி வீட்டுலதான். முதல் பேரீச்சம்பழத்தோட போயிடுமே."

சாய்ந்தமருதில் ஒரு குழியில் விழுந்து பஸ் எல்லோரையும் தூக்கிப் போட்டது. அவன் வாயிலிருந்த கையை மெல்லத் தொண்டைக்கு இறக்கினான்.

"மச்சான், முறியுமா, முறியாதா? அத மட்டும் செல்லு."