டி.சி. வாங்கப் போன அண்ணன்

ஹலோ... ஹலோ, ஹெட்மாஸ்டர் சாரா? சார், காளீஸ்வரி பேசுறேன்... நாலாவது படிக்கிற தேவிகாவோட அம்மா... ஆமா சார், ஆமா, எலக்ட்ரீசியன் மாயக்கண்ணன் வீடுதான். சார், எங்கண்ணன் அங்கன வந்திருக்காரா?... வந்துட்டாரா! டி.சி. குடுத்துட்டீகளா?... எழுதியாச்சா... கையெழுத்து? போடலைல்ல? போடாதீக சார்... இல்ல, நான் அனுப்பல. நான் அனுப்புனேன்னு சொன்னாரா?... எனக்கே இப்பத்தான் தெரியும் சார், மதினி போன் பண்ணிச் சொன்னாக... பிள்ள கிளாஸ்லதான இருக்கா?... சரி, சரி. போனைக் கொஞ்சம் அவருகிட்ட குடுங்க சார்.

...

அண்ணே... நான்தான்... கத்தாதீக, சார் பக்கத்துல இருக்காரு... கண்மாய்ல நிக்கிறேன், நூறு நாள் வேலையில. ... ஆமா, மதினிதான் சொன்னாக. அவுகள வையாதீக, சந்தோசமாத்தான் சொன்னாக. நேத்து பை வாங்கித் தாரேன்னு பிள்ளையக் காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனீகளே, அங்க இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல சீட்டுக் கேக்கத்தான் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை...

சொன்னா வேணாம்னிருப்பேன். ஆமா. அதான் சொல்லல.

... தெரியும்ணே. தெரியும். தாய்மாமன் உங்களுக்கு உரிமை இல்லைன்னு யாரு சொன்னா? உங்க மடியில உக்கார வச்சுத்தான அவளுக்குக் காது குத்துனோம். ... சீரா? பள்ளிக்கூடத்துல சேக்குறது சீராண்ணே? சீருன்னு சொல்லிட்டா நான் வேணாம்னு தள்ள முடியாது, அதுக்குத்தான் அந்தப் பேரு வைக்கிறீக.

... இங்கிலீசு. ம்... ம்... வரும்ணே. எழுத்துக் கூட்டி வாசிக்கிறா, வந்துரும். நீங்களும் நானும் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவகதான, உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? கடை போர்டை இங்கிலீசுல வச்சிருக்கீக, வர்றவுகல்லாம் தமிழ்லதான் ஆணி கேக்குறாக. ... சிரிக்கலயா, சரி.

... கக்கூஸா? கதவுக்குக் கொண்டி இல்லாமத்தான் இருந்துச்சு. போன வருசம் பெத்தவங்க கூட்டத்துல எந்திரிச்சு நான்தான் கேட்டேன். எட்டு நாள்ல போட்டாக. நீங்க சேக்கப் போற எடத்துல நான் கேக்க முடியுமா? இந்த மண்ணுச் சேலையோட கேட்டுக்குள்ள விடுவாகளா?

... யாருமே இல்லையா? முப்பத்தோரு பிள்ளைக இருக்கு... போறாகதான். குழந்தைவேலு மகன் போயிட்டான், பெரியகருப்பன் பேத்தி போயிருச்சு. இப்படி ஒவ்வொருத்தராப் பிடுங்கிட்டுப் போனா, இருக்கிற ரெண்டு டீச்சர்ல ஒருத்தர வேற ஊருக்கு மாத்திருவாக. அப்பறம் நீங்களே சொல்வீக, அங்க டீச்சரே இல்லைன்னு. ... என் பிள்ளைய வச்சுத்தான் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணுமான்னா... அதுக்கில்ல. இருங்க. அதுக்கு மட்டுமில்ல. சொல்றதைக் கேளுங்க, கத்தாம.

தையில தேவிகா அப்பா தவறிப் போனாருல்ல... பதினாறு முடிஞ்சு பிள்ளையக் கொண்டுபோய் விட்டேன். வகுப்பு வாசலத் தாண்டமாட்டேன்னுட்டா. அவ அப்பா மாட்டுன ஃபேன் உள்ள ஓடுது, அதுக்குக் கீழ உக்காரமாட்டேங்குறா. ஈஸ்வரி டீச்சர் என்ன செஞ்சாக தெரியுமா? திட்டல, இழுக்கல. எல்லாப் பிள்ளைகளையும் வெளிய வராண்டாவுக்குக் கூட்டியாந்து பாடம் நடத்துனாக. ஒம்பது நாளு. பத்தாம் நாளு இவளே, வெயில் அடிக்குது டீச்சர், உள்ள போவோம்னிருக்கா.

... எல்லா ஊர்லயும் அப்படி ஒரு டீச்சர் இருக்காகன்னு நான் சொல்லலண்ணே. நம்ம ஊர்ல இருக்காக.

... சரி. சரி, அத விடுங்க. நேத்து அங்க பிள்ளைகிட்ட என்ன கேட்டாக?... பேரு... ம்... கணக்கு... நல்லாச் சொன்னாளா?... அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாகளா?

...

பேச்ச மாத்தாதீகண்ணே, கேட்டதுக்குச் சொல்லுங்க.

... நேத்துச் சாயங்காலம் அந்தப் புதுப் பைய மாட்டிக்கிட்டே, அம்மா, சிங்கப்பூர்ல இப்ப மணி என்னன்னு கேட்டா. பாடத்துல வருது போலன்னு நானும் விட்டுட்டேன். இப்ப மதினி, பிள்ளைகிட்ட அங்க கேள்வியெல்லாம் கேட்டாகன்னு சொன்னதும் மம்பட்டியப் போட்டுட்டு சாருக்குப் போன் பண்ணேன். ... ஃபாரத்துல அவரப் பத்தி என்ன எழுதிக் குடுத்தீக?

...

சிங்கப்பூர்ல வேலை பாக்குறாருன்னு.

...

எப்படிண்ணே ஒனக்குக் கை வந்துச்சு? அவரச் சுடுகாட்டுக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் நீ. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு, அப்பா சிங்கப்பூர்ல இருக்காருன்னு சொல்லிக் குடுத்திருக்கியே... ஒருக்கா சொன்னாப் போதுமா? நாளைக்கு ஒரு பிள்ள கேக்கும், எப்ப வருவாருன்னு. என்ன சொல்லுவா? சொல்லு, நீயே சொல்லு!... தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சீட்டு இல்லைன்னு அவுக சொன்னாகளா?... சொல்லலையா?... பின்ன?... நீயா நெனச்சுக்கிட்டியா!

... யாரும் கேக்காமலே ஒனக்கு எழுதத் தோணியிருக்கு பாரு. அந்த எடத்துல போய் நின்னதும் ஒனக்கே நம்மளப் பத்தி வெக்கமாப் போச்சு. அங்குட்டுத்தான் என் பிள்ளைய தெனமும் நிக்கச் சொல்ற. இங்க எல்லாத்துக்கும் தெரியும்ணே. அப்பா இல்லைன்னு தெரியும், அம்மா கண்மாய்ல மண்ணு அள்ளுறான்னு தெரியும். தெரிஞ்சுதான் அவ பக்கத்துல உக்காருதுக.

...

... ஆமா. நல்லதுக்குத்தான் செஞ்சீக. ஆமாண்ணே, தெரியும். எனக்கு வேற யாரு இருக்கா... ஆனா டி.சி. வேணாம். ... வேணாம்ணே. ... அலைஞ்சீகதான், நாலு பேரப் பாத்தீகதான். அங்க என்ன பேசணுமோ நானே வந்து பேசுறேன், அவரு இல்லைன்னும் நானே சொல்றேன். டி.சி. மட்டும் வேணாம்.

... என்ன சொன்னீக?

... வாசல மிதிக்கமாட்டீகளா?... பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்தா? அதுக்கும் வரமாட்டீகளா?... கோவத்துல சொல்லாதீகண்ணே. நீங்க இல்லாம யாரு வந்து நிப்பா அவளுக்கு?... அண்ணே... இல்ல, நான் உங்கள அவமானப்படுத்தல... அண்ணே?... அண்ணே!

... சாரா?... போனக் குடுத்துட்டாரா. ... டி.சி.யக் கிழிச்சிருங்க சார்... எழுதிக் குடுக்கணுமா, சரி, குடுக்குறேன். நானே வந்து கையெழுத்துப் போடுறேன்... ஆமா, ஆமா, இங்கனதான் படிப்பா... சார், அவரு எங்க?... வெளிய போயிட்டாரா... சார், கொஞ்சம் சன்னல் வழியாப் பாருங்களேன். கிளம்பிட்டாரா?... வண்டியில உக்காந்திருக்காரா... தலையக் கவுத்துக்கிட்டா?...

இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?

அப்ப நான் வைக்கிறேன் சார், அண்ணன் நம்பருக்குப் போட்டுப் பாக்குறேன்.