இடது முட்டி விவகாரம்

கேக்குறேன்ல, சொல்லு! எவன் போட்டுக் குடுத்தான்? ரெண்டு கோலு பங்காளி, ரெண்டும் ஒரே எடத்துல! நான் முட்டி போடுறப்போ எடது முட்டி கொஞ்சம் லேட்டா எறங்கும் பாரு... அந்த அரை நொடி கீழ ஒரு பொந்து தொறக்கும் பாரு... அதே பொந்துல! ஒண்ணு போனா சரி, குருட்டு அதிர்ஷ்டம்னு விடலாம். ரெண்டும் அங்கயே போச்சுன்னா? எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். ஊருக்குள்ள ஒரு துரோகி இருக்கான்.

நீ வாயத் தொறக்க மாட்ட. தெரியும். ஐஸ் ஹாக்கி கோலோட வலது கம்பம், செவப்புப் பெயின்ட் அடிச்ச இரும்பு, ஒனக்கு ஏது வாயி. ஆனா நான் வேற யாருகிட்டத்தான் போய்ப் பேசுறது? ஆட்டம் இருக்குற நாள்ல கோல்கீப்பர்கிட்ட ஒரு ஜீவன் பேசாது. பேசுனா ராசி போயிடுமாம். காலைல நம்ம லூபா, கட்டுன பொண்டாட்டி, காப்பிய டொக்குனு வச்சுட்டு செவுத்தப் பாத்துக்கிட்டே போறா. சக்கர எங்கன்னு கேக்குறேன், பதிலே இல்ல! பஸ்ஸுல பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். அதனாலதான் பங்காளி, பதினெட்டு வருசமா நீதான் எனக்கு எல்லாம்.

அந்தப் பக்கம் நிக்கிறானே, எடது கம்பம், அவன்கூட நமக்குப் பேச்சுவார்த்த கெடையாது. நவம்பர்ல வட்டு அவன் மேல பட்டுச்சு. பட்டா என்னா பண்ணணும்? வெளிய தள்ளணும். அந்த வீணாப்போனவன் உள்ள தள்ளுனான்! அன்னையிலருந்து மட்டையால கூட அவனத் தட்டுறதில்ல. ஒனக்கு ரெண்டு தட்டு, அவனுக்கு ஒண்ணுங் கெடையாது. நிக்கட்டும்.

இரு... இரு, வர்றானுங்க. டேய் ஷேன், தடுக்கத்தானடா ஒன்னைய என் முன்னாடி நிறுத்திருக்கு, அவன ஓரங்கட்டுடா! ஓரம்டா! ஐயய்யய்ய... ஹப்பா! நெஞ்சுலயே வாங்கிட்டேன். வட்டா அது? கறுப்பு ரப்பர்ல செஞ்ச பாறாங்கல்லு. இதுக்கு எங்கப்பன் சொன்னாரு, கோதுமை வெதைக்க வாடான்னு. கேட்டனா?

எங்க விட்டேன்... ஆங், துரோகி. இதுல பாரு, கடைசிப் பகுதி தொடங்குறதுக்கு முன்னாடி நம்ம கோச் லாய்டு வந்தாரு. அவரு என்கிட்டப் பேசக்கூடாது, ராசி. அதனால என் தலைக்கு மேல இருந்த கடிகாரத்தப் பாத்துப் பேசுறாரு. "ஒண்ணு. இன்னும் ஒண்ணு உள்ள போச்சுன்னா கோலுக்கு பெர்னி வருவான். இன்னைக்கு மட்டும் இல்ல... வசந்தம் வரைக்கும்." கடிகாரத்துக்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு! வசந்தம்னா சீசனே முடிஞ்சுரும், அது வரைக்கும் பெஞ்சுன்னா அப்புறம் என்னா? முப்பத்தெட்டு வயசுல எந்த ஊர்க்காரன் என்னையக் கூப்புடுவான்? அப்பன் சொன்ன கோதுமைதான்.

பெர்னி அங்க பெஞ்சுல உக்காந்து பல்லக் காட்டுறான் பாரு. மாத்து கோல்கீப்பருக்கு என்னா வேல தெரியுமில்ல? ஆளுங்க ஐஸுக்குப் போறப்போ வர்றப்போ பெஞ்சுக் கதவத் தொறந்து விடணும். அவ்வளவுதான். நான் செஞ்சிருக்கேன்யா அந்த வேலைய! பெரிய லீக்குல ஒரு நாள் கூப்புட்டாங்க, அவங்க ஆளுக்குக் காய்ச்சல்னு. லூபா ஊரு பூரா போன் போட்டுட்டா. எல்லாரும் டிவி முன்னாடி. நான் ஆட்டம் பூரா கதவு தொறந்தேன். பெரிய பெரிய ஆளுங்க, ஒருத்தன் சூயிங்கம் குடுத்தான், "நல்லா தொறக்குறய்யா"ன்னான். அதுதான் பங்காளி நம்ம புகழின் உச்சி.

நாம மூணு, அவனுங்க ரெண்டு. இன்னும் நாலு நிமிசம். தாங்கிட்டோம்னா பொழச்சோம்.

யாரா இருக்கும்? பெர்னியா? அவனுக்கு அவன் முட்டியே எங்க இருக்குன்னு தெரியாது. டீம் டாக்டரா? அவரு வாயத் தொறந்தா தூங்குறதுக்குத்தான். இந்த முட்டி சமாச்சாரம் எனக்குத் தெரியும், லூபாவுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். லூபா சொல்ல மாட்டா, அவளுக்கு ஆட்டமே புரியாது. நீ...? சரி சரி, மொறைக்காத.

ரெண்டு கோலையும் போட்டது எவன்னு பாத்தியா? பத்தொம்பதாம் நம்பரு. டெவின்! எங்க லாரிசாவ கட்டிக்கப்போறவன்யா! எதிரூர்க்காரன்தான் வேணும்னு என் பொண்ணு ஒத்தக் கால்ல நின்னா. அங்க மேல பாரு, மூணாவது வரிசை. சட்டையப் பாத்தியா? முன்பக்கம் நம்ம டீமு, முதுகுப் பக்கம் அவன் டீமு. ரெண்டு சட்டைய நடுவுல வெட்டித் தச்சிருக்கா. நான் கோலத் தடுத்தா எந்திரிச்சுக் கை தட்டுறா. அவன் கோலு போட்டா திரும்பி நின்னு கை தட்டுறா. சோறு போட்ட அப்பன்யா நான்!

அந்தப் பய நல்ல பயதான், அதச் சொல்லணும். போன ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வந்தான். லூபா பெரோகி பண்ணியிருந்தா, உருளக்கெழங்கு அடச்ச கொழுக்கட்ட, வெங்காயம் வதக்கி, மேல புளிச்ச கிரீமு. அவன் ஒண்ணைய எடுத்து தட்டுல உருட்டிக்கிட்டே இருக்கான். என்னடா தம்பின்னா, பத்து ஆட்டமா ஒரு கோலு கூட விழல மாமா, எங்க கோச்சு என்னையத் தூக்கிடுவாருங்கறான். கண்ணு கலங்குது. லூபா மேசைக்கு அடில என் கால மிதிக்கிறா. "ஏங்க, அந்தப் பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்த ஆறுதலா பேசுங்களேன்"ன்னு. நானும் ரெண்டு பீரு உள்ள விட்டிருந்தேன்...

பேசுனேன்.

எந்திரிச்சு சமையக்கட்டுத் தரையில முட்டி போட்டேன். அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவுல, அதுதான் கோலுன்னு வச்சுக்கோன்னேன். "இங்க பார்றா தம்பி, வயசான கோல்கீப்பரு எவனா இருந்தாலும் ஏதாவது ஒரு முட்டி லேட்டாத்தான் எறங்கும். இப்ப என்னையவே எடுத்துக்கோ. வலது தோளுக்கு மேல அடிக்கிற மாதிரி பாவ்லா காட்டு. நான் எந்திரிப்பேன். நீ அடிக்காத. பொறு. ஒரு மூச்சு பொறு. அப்ப எடது கீழ..."

...

என்னா பாக்குற? ஒரு உதாரணத்துக்குச் சொன்னதுய்யா! எல்லாரும் சொல்றதுதான! அந்தப் பய அத அப்படியே... உருளக்கெழங்க வட்டுன்னு வச்சு மூணு தடவ செஞ்சு காட்டச் சொன்னான். காட்டுனேன். லூபா கூட பெருமையாப் பாத்தா.

விடு. விடுங்கறேன்ல! மணி பாரு, ஒரு நிமிசங்கூட இல்ல. அவனுங்க இனிமே எங்க... டேய் ஷேன்! டேய், வட்ட விட்டுட்டானே! ஐயோ, குப்புற வுழுந்து கெடக்கானே! யாரு அது தனியா வர்றது? பத்தொம்பது! ஆளே இல்ல பங்காளி, நானும் அவனுந்தான்! வா மாப்ள வா... பாரு, வலது தோளு பாவ்லா காட்டுறான்! எந்திரிக்க மாட்டேன். எனக்குத் தெரியும்டா, நான் சொல்லிக் குடுத்ததுதான்டா, எந்திரிக்கவே மாட்... அடச்சீ, எந்திரிச்சுட்டேன்! பொறுக்குறான்! மூச்சு பொறுக்குறான்! முட்டி, எறங்கு, எறங்கு சனியனே...

டிங்!

...

உள்ளயா? வெளியயா? கோலு விழுந்தா எரியிற விளக்கு எரியலயே? வெளிய! வெளிய! ஆட்டம் முடிஞ்ச சங்கு ஊதிட்டான்! மூணுக்கு ரெண்டு!

நீயா பங்காளி? நீ இல்லியே. சத்தம் அந்தப் பக்கம்ல வந்துச்சு. எடது... எடது கம்பம்.

அடப்பாவி.

நவம்பர்லருந்து நான் தட்டக்கூட இல்லியே அவன. வாயில வந்ததெல்லாம் திட்டுனனே. கொஞ்சம் நகரு பங்காளி... நகர முடியாது, சரி, நானே போறேன். கோச்சுக்காத, நீ எப்பவும் நம்ம ஆளு. அண்ணே! எடதண்ணே! அன்னைக்கு ஏதோ கோவத்துல... இந்தாங்க, தட்டு. இன்னொரு தட்டு. ஹெல்மெட்ட வேணா கழட்டிட்டு முத்தம் குடுக்கட்டுமா? இந்தக் குளிருல இரும்போட ஒதடு ஒட்டிக்கும், பரவால்ல.

லாய்டு வர்றாரு பாருங்க. ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே, இப்பவாவது என் மூஞ்சியப் பாத்துப் பேசலாம்ல? ம்ஹூம், முட்டியப் பாத்துத் தலையாட்டிட்டுப் போறாரு. போதும். அடுத்த ஆட்டமும் நாந்தான்னு அர்த்தம். பெர்னி, கதவத் தொறடா!

அந்தப் பயலப் பாருங்கண்ணே. டெவினு. ஐஸுல முட்டி போட்டு உக்காந்துட்டான். மூஞ்சி சுண்டிப்போச்சு. பாவம்... எல்லாம் சரியாத்தான் செஞ்சான். பாவ்லா சரி. பொறுத்தது சரி. மணிக்கட்டத்தான் கடைசில திருப்பிட்டான், அதான் ரெண்டு வெரக்கடை தள்ளிப் போச்சு. திருப்பாம அடிச்சிருந்தா உள்ளதான்.

ஞாயித்துக்கெழமை வரட்டும். அந்த மணிக்கட்ட மட்டும் கொஞ்சம் காட்டிக் குடுக்கணும்.