மினுக்கிக்கு என்ன பிடிக்கும்?

சர்ச் அசன விருந்துக்கு இலை போட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சமையல்காரர் கை காட்டிட்டாரு. அதுக்குள்ள சின்னதா ஒரு சங்கதி சொல்லுதேன், கேளுங்க. அங்க பின்னால பேசுதவங்களும் கேளுங்க... ஒங்களுக்குத்தான் முக்கியமாச் சொல்லுதேன்!

எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர். பேரு ஹெப்சிபா. ரிட்டயர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. அவங்க அக்கா பாக்கியமணியும் பண்ணிக்கல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தாங்க. தங்கச்சி பள்ளிக்கூடம், பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம்னு ஓடுவாங்க. அக்கா? வீடு... அடுப்பு... மினுக்கி. மினுக்கி யாரு? பூனை! அக்கா வளத்த பூனை.

போன தை மாசம் அக்கா கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாங்க. அடக்கத்துக்கு ஊரே வந்துச்சு. சாயங்காலம் எல்லாரும் போயிட்டாங்க. வீட்டுல யாரு மிச்சம்? டீச்சரும் பூனையும். அதுவரைக்கும் ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, பாத்துக்கோங்க. ஆனா டீச்சர் எங்கிட்டச் சொன்னாங்க, "ஐயா, வாயத் தொறந்து பேசணும்னா எனக்கு இப்ப அந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பூனை எளைக்க ஆரம்பிச்சுட்டு. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பாத்துட்டு, "கழுத்துச் சுரப்பியில கோளாறு. தினமும் மருந்து உள்ள போனா பொழைக்கும். போகலைன்னா உருகிப் போயிரும்"னுட்டாங்க.

போகுமா? மாத்திரைய வாயில வச்சா துப்புது. டீச்சர் கையெல்லாம் பிராண்டல். டாக்டரம்மா, "மைதீன் பிச்சை பாய்ட்டப் போங்க"ன்னாங்க. அவரு யாரு? நாய், பூனை, கிளி... எதுக்கானாலும் சரி, டாக்டர் எழுதிக் குடுத்த மருந்த அதோட எடைக்குத் தக்கன அளந்து, அதுக்குப் பிடிச்ச ருசியில துளி மருந்தாக் கலக்கிக் குடுக்கிற மருந்துக் கடைக்காரரு. பாய் கேட்டாரு, "டீச்சர், பூனைக்கு என்ன பிடிக்கும்?"

"இதென்ன கேள்வி பாய்? பூனைன்னா மீனுதான்!"

மீன் ருசியில கலக்கிக் குடுத்தாரு. மினுக்கி வந்துச்சு... மோந்து பாத்துச்சு... மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டு!

திரும்பப் போனாங்க. பாய் சொன்னாரு, "ஊருல உள்ள பூனைக்கெல்லாம் பிடிக்கிறத நான் கேக்கல டீச்சர். இந்தப் பூனைக்கு என்ன பிடிக்கும்?"

"அது அக்காவுக்குத்தான் தெரியும், பாய்."

"சரி, அக்கா தான் ஆசையாத் தின்னதத்தான அதுக்கும் குடுத்திருப்பாங்க? அக்காவுக்கு என்ன பிடிக்கும்? அதச் சொல்லுங்க, அதுல கலக்கித் தாரேன்."

டீச்சர் மனசுக்குள்ள தேடிப் பாத்தாங்க.

என்ன பிடிக்கும்? எனக்குப் பிடிக்கும்னு நெய்மீன் கொழம்பு வச்சா. எனக்குப் பிடிக்கும்னு ஆப்பம் சுட்டா. அவளுக்கு? ஆயுசு பூரா ஒரே வீடு, ஒரே அடுப்பு... டீச்சர், பைபிள்ல எந்த ஆகமத்துக்கு அடுத்து எந்த ஆகமம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. கூடப் பொறந்தவளுக்கு என்ன பிடிக்கும்னு தெரியல! அந்தக் கடை பெஞ்சுலேயே உக்காந்து அழுதுட்டாங்க. பாய் ஃபேன அவங்க பக்கம் திருப்பி வச்சாரு.

வீட்டுக்கு வந்து முட்டை வச்சாங்க, கறி வச்சாங்க, ரொட்டி வச்சாங்க. ஒண்ணையும் தொடல. அக்கா கட்டிலுக்கு அடியில போயிச் சுருண்டு கிடக்கு. எலும்ப எண்ணலாம். "நீயும் போயிராதட்டீ"ன்னு தரையில உக்காந்து கெஞ்சியிருக்காங்க. யாரு? வகுப்புல அவங்க சத்தம் கேட்டாலே பிள்ளைங்க நடுங்குமே, அந்த டீச்சர்!

ஒருநாள் காலையில காப்பிக்குப் பால் வச்சாங்க. பழக்கம் இல்லாத கை... அடிப்பிடிச்சிட்டு. சட்டியத் தரையில வச்சுக் கரண்டியால சுரண்டுனாங்க. கர்ர்... கர்ர்... அவ்வளவுதான்! கட்டிலுக்கு அடியில கிடந்த மினுக்கி எந்திரிச்சு ஓடி வந்து, சட்டிக்குள்ள தலைய விட்டு நக்குது, நக்குது, அப்படி நக்குது!

அப்பதான் டீச்சருக்கு வெளங்குச்சு. அந்தச் சத்தம் புதுசு இல்ல. தினமும் காலையில முன்ரூம்ல பேப்பர் வாசிச்சுக்கிட்டு மொதக் காப்பியக் குடிக்கும்போது அடுக்களையில கேட்ட சத்தம்தான் அது. அக்கா சட்டி கழுவுதான்னு நெனச்சிருக்காங்க. அவ உக்காந்து பால்சட்டி அடியில ஒட்டுனதச் சுரண்டித் தின்னுருக்கா. தனக்கு ஒரு வாய்... பூனைக்கு ஒரு வாய்.

அந்தச் சுரண்டல ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டுப் பாய்ட்ட ஓடுனாங்க. அதே ருசியில கலக்கிக் குடுத்தாரு. மினுக்கி குடிச்சுது. பொழச்சுக்கிட்டு.

நான் சந்தோஷமா, "ஸ்தோத்திரம் டீச்சர்!"ன்னேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "பூனைக்குத் தெரிஞ்சிருக்கு ஐயா, எனக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சிட்டு... யாருக்குக் குடுப்பேன்?" ஜெபம் பண்ணிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

இத எதுக்குச் சொல்லுதேன்? பூனை வளங்கன்னா? இல்ல. ஒங்க வீட்டுக்காரிக்கு என்ன பிடிக்கும்? மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க... ஒங்க அம்மாவுக்கு? ஒரே வீட்டுல இருக்க அண்ணனுக்கு? என்ன, எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கீங்க? தனியா இருக்கவங்க மட்டும் தனியா இல்ல, சகோதரங்களே. நாலு பேருக்கு நடுவுல, நம்மட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலையேன்னு இருக்காங்க பாருங்க, அவங்கதான் தனி.

இன்னைக்கு வீட்டுக்குப் போயி கேளுங்க. "எனக்கென்ன, எது இருந்தாலும் சரி"ம்பாங்க. அத நம்பி எந்திரிச்சுப் போயிராதீங்க. பாக்கியமணியும் அதத்தான் சொல்லியிருப்பா. பக்கத்துல உக்காந்து ரெண்டாந்தரம் கேளுங்க... பதில் சொல்ல அவங்க இருக்கும்போதே கேளுங்க.