பாதி முகங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வீடியோ கேம் ஆட வராது. 'ஜூஜி' பத்திரிகையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் முதல் பள்ளத்தைத் தாண்டத் தெரியாது, விழுந்துவிடுவேன். அலுவலகத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வேலை கேம் ஆடுவதல்ல, ஓவியர்களிடமிருந்து பக்கங்களைக் கறப்பது. அதில் என்னை மிஞ்ச டோக்கியோவில் ஆள் கிடையாது. இதை நீங்கள் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளலாம், ஐயா.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஜூஜியைப் பார்த்திருப்பீர்கள். பாதி சித்திரக்கதை, பாதி கேம் செய்தி. வெளிவரப்போகும் கேமின் கதையை மாதம் இரண்டு முறை தொடராகப் போடுவோம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தக் கேமுக்கு உதவுகிற ஒரு குறிப்பு ஒளிந்திருக்கும். பிள்ளைகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடுவார்கள். சுவரில் ஒரு கல் கோணலாக இருந்தால் போதும், இதுதான் ரகசிய வாசல் என்று எங்களுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிடுவார்கள். அச்சகத்தில் சிந்திய மைக்கறையைக்கூட ஒரு தடவை துப்பறிந்தார்கள். அதே அட்டையில் எந்தக் கதை பிடித்தது என்றும் குறிக்க வேண்டும். தொடர்ந்து கடைசியில் கிடக்கும் கதையை நிறுத்திவிடுவோம். அதில் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

தொகிடா சென்செயின் கதை கடைசியில் கிடந்தது. சின்னவரோ பெரியவரோ, எங்களுக்கு ஓவியர் எல்லாருமே 'சென்செய்', ஆசான்தான். நல்ல ஓவியர். அவர் கோட்டில் ஒரு பிசிறு இருக்காது. ஆனால் ராசியில்லாத மனிதர். எங்கே தொடங்கினாலும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. இதுவும் போனால் தன் அண்ணனின் நூடுல்ஸ் கடையில் கல்லாவில் உட்காரலாம் என்று அவர் மனைவி, ஃபுமியே என்று பெயர், சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் சண்டை. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உகாய், இந்தத் தடவையும் தேறலேன்னா இழுத்து மூடிடுவோம்" என்றார். நான் சென்செயை டப்பாவில் அடைத்தேன்.

நீங்கள் புருவத்தைத் தூக்க வேண்டாம். எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே அதுதான். ஓவியரை ஒரு விடுதி அறையில் உட்கார வைத்து, தொலைபேசியை எடுத்துவிட்டு, செருப்பை ஒளித்துவைத்து, பக்கங்கள் முடியும்வரை வெளியே விடாமல் காப்பது. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் அடைத்திருக்கிறார்கள். அடைபட்டதைப் பிறகு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஹொங்கோ பகுதியில் நாங்கள் வழக்கமாகப் போகும் பழைய விடுதி, மாடியில் கடைசி அறை. மழைக்காலம் தொடங்கியிருந்தது.

"உகாய் சான், நீங்க பத்திரிகைக்காரரா, ஜெயிலரா?"

"பக்கத்தக் குடுங்க சென்செய், உங்க ரசிகனாயிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். ஓரிரு நாளில் தலைவலி என்றார்.

"மண்டை பிளக்குது. ஒரு டாக்டர வரச் சொல்லுங்களேன்."

"போன மாசம் வயித்துவலி. அதுக்கு முன்னாடி மாமனாருக்குக் காரியம். அந்த மனுஷன் எத்தன வாட்டிதான் சாவாரு, சென்செய்?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தத் தடவ நெஜம்பா" என்றார். எல்லா ஓவியர்களும் சொல்கிற வார்த்தைதான். ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் பக்கங்கள் தயாராக இருந்தன. கதாநாயகனின் முகத்தில் வலப்பாதி இருந்தது. ஒரு கண், ஒரு காது, பாதி வாய். இடப்பாதி வெறும் தாள். கோட்டைக்கும் அப்படித்தான், குதிரைக்கும் அப்படித்தான். இருக்கும் பாதியில் ஒரு குறை சொல்ல முடியாது. மயிரிழை மயிரிழையாக, அவர் வாழ்க்கையிலேயே போட்ட மிகச் சிறந்த கோடுகள். நம் கதைகளை வலமிருந்து இடமாகத்தானே படிக்கிறோம்? கண் நகர நகர, இருந்தவர்கள் இல்லாமல் போனார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார். விளையாடவில்லை. அவருக்கு எல்லாம் முழுதாகத்தான் தெரிந்தது.

"பிரமாதம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பின்னணி வரையும் உதவியாளர்களிடம், இது சென்செயின் திட்டம், வெற்றிடத்தைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'மறுபாதி எங்கே? கண்டுபிடி.' அந்த வரி என்னுடையது. வேறு யாரையும் இதில் இழுக்காதீர்கள்.

அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. பாதி முகம் உள்ளவர்கள் பேயரசனுக்குத் தங்களை விற்றவர்கள் என்று ஒரு கட்சி. கேம் வந்ததும் கோட்டைக்குள் இடப்பக்கமாகவே நடந்தால் மறுபாதி கிடைக்கும் என்று இன்னொரு கட்சி. செந்தாய் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதற்காக அடிதடியே நடந்ததாம். கேம் நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, "குறிப்பு என்னன்னு எங்களுக்காவது சொல்லிடுங்க, அதையும் கேம்ல வச்சிடறோம்" என்று கெஞ்சினார்கள். தொகிடா சென்செய் முதலிடம். ஆயுளில் முதல் தடவை. தலைமை ஆசிரியர் எல்லார் முன்னாலும் எனக்குத் தலை வணங்கினார்.

அதனால் அவரை வெளியே விடவில்லை. வழக்கமாகச் சில நாளில் திறந்துவிடுவோம். மழையில் உள்ளே வந்தவர், சில்வண்டு கத்தும் வெயில் வரைக்கும் உள்ளேயே இருந்தார். விடுதிக்கார அம்மாள் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "சென்செய் குளிக்கப் போறப்ப இடது கால இழுக்கறாரே, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். நாள் முழுக்க மடக்கி உட்கார்ந்தால் யாருக்கும் மரத்துப்போகும் என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

எனக்கு விஷயம் தெரியுமா என்றுதானே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள்? தெரியும். சாப்பாட்டுப் பெட்டியில் வலப்பக்கத்து மீனையும் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பார். இடப்பக்கம் அப்படியே இருக்கும். பெட்டியை அரைச்சுற்று திருப்பி வைப்பேன். "அட, இன்னும் இருக்கே" என்று மீதியையும் சாப்பிடுவார். அவரை நான் பட்டினி போட்டதாக யாராவது சொன்னால் அது அபாண்டம்.

என் அப்பா ஒரு நாள் காலையில் பாதி முகத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தார். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் அப்படி ஆகுமாம். ஒரு பக்கத்து உலகமே அழிந்துபோகுமாம். அழிந்தது அவர்களுக்கே தெரியாதாம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் அடுத்த அடைப்பைத் தடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஆகவே சென்செயின் முதல் பக்கத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. 'பிரமாதம்' என்று சொல்வதற்கு முன்பே.

தாளையும் திருப்பி வைத்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். கெட்டிக்காரர். வைத்திருக்கலாம், முழு முகம் வந்திருக்கும். முழு முகங்களை வைத்துக்கொண்டு கடைசி இடத்தில்தானே கிடந்தோம்? மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால் ஒரு நோயாளி பிழைத்து வந்திருப்பார். தள்ளாடிக்கொண்டு நூடுல்ஸ் கடையில் மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பார். நான் அவரை ஓவியராக வைத்திருந்தேன். மன்னிப்புக் கேள் என்கிறீர்கள். யாரிடம் கேட்பது? அந்தப் பிள்ளைகளிடமா? அவர்கள் இன்னும் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்செய் இறந்த அன்று காலை நான் அறையில்தான் இருந்தேன். பேனா கீழே விழுந்தது. பிறகு மேசையில் தலை சாய்ந்தது. முதலில் அவர் கன்னத்துக்கு அடியிலிருந்து தாளை உருவி எடுத்தேன், இல்லாவிட்டால் மை ஈஷியிருக்கும். ஒற்றுத்தாள் வைத்து ஒற்றினேன். காய்ந்ததும் உறையில் போட்டேன். அதற்கப்புறம் கீழே போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மூச்சு இருந்தது. வண்டியில்தான் நின்றதாம். அந்தப் பக்கமும் தேதி தவறாமல் இதழில் வெளிவந்தது.

இவ்வளவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஃபுமியே அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பியதாகச் சொன்னீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை அவருக்குத் தன்மேல் கோபம் தீரவில்லையா என்று கேட்டாராம்.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்த அம்மாள் விடுதிக்கு வந்திருந்தார். கையில் கத்திரிக்காய் ஊறுகாயும் சோற்றுருண்டையும். பார்க்காமல் போகமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாக்கலாம்மா. ஆனா ஒரு வார்த்த பேசக் கூடாது. கோடு போடறப்ப குரல் கேட்டா கை வழுக்கிடும். அவரா திரும்பிப் பாத்தா பேசுங்க."

ஓவியரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர், அதெல்லாம் தெரியாதா? தலையாட்டினார். உட்காரும் மெத்தை ஒன்றைக் கொண்டுபோய் அறையில் போட்டேன். சென்செய்க்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். நான்தான் போட்டேன். வலப்பக்கத்திலும் இடம் இருந்தது.

அந்த அம்மாள் பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். சென்செய் பேனாவைத் துடைத்தார், தேநீர் குடித்தார், கொட்டாவி விட்டார், கழுத்தைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அம்மாள் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். வெயில் இறங்கியதும் எழுந்து குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

"கடைய பத்தி நான் பேசினது அவ்வளவு கோவமா அவருக்கு?"

"வேலைன்னு உக்காந்துட்டா அவர் அப்படித்தாம்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

சோற்றுருண்டையை நான்தான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. உள்ளே போனபோது சென்செய் அடுத்த தாளை எடுத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்:

"ஃபுமியே இன்னிக்கும் வரலியா? அவ வந்தா உடனே கூப்பிடுங்க உகாய் சான். கடைக்கே போயிடலாம்னு சொல்லணும்."

"வரல, சென்செய். அடுத்த கட்டத்தப் போடுங்க."

பேனாவை அழுத்தி எழுதுகிறீர்கள், ஐயா. பொய் என்றுதானே எழுதுகிறீர்கள்? அடித்துவிடுங்கள். அவருடைய உலகத்தில் அன்றைக்கு யாருமே வரவில்லை. நான் உள்ளதைத்தான் சொன்னேன்.